சுட்டுக் கொன்றுவிட்டால் விசாரணை முடிந்ததா?

காவலரைக் கொன்றவனுக்கு நீதிமன்றம் எதற்கு என்று கேட்கிறார் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர். பணியில் உயிரிழக்கும் காவலர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பலர் மெச்சிப் பேசுகிறார்கள். அவர் வாதத்தைத் திரிக்காமல் முதலில் சொல்லிவிடுகிறேன். காவலரின் உயிரை எடுத்தவன் அந்த இடத்திலேயே தன் உரிமைகளை இழந்துவிடுகிறான். அவனை உயிரோடு பிடித்து ஜாமீன், வாய்தா, மேல்முறையீடு என்று இழுத்தால் அடுத்தவனுக்குத் துணிச்சல் வரும். கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் குற்றவாளி சிறிது நேரத்தில் மாநிலம் தாண்டிவிடுவான். இங்கே சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. இறந்தவர் ஏன் தனியாகப் போனார், கையில் என்ன இருந்தது, யார் அனுப்பினார்கள் என்று கேட்பது தியாகத்தைக் கொச்சைப்படுத்துவது. படையின் மனவலிமையைக் குலைப்பது. அரசு மரியாதையும் குண்டு முழக்கமும் ஒரு கோடி ரூபாயும் கொடுத்தாயிற்று. குடும்பத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இந்த வாதம் முழுக்கத் தவறு. காவலர்மீது கொண்ட பாசத்தில் பிறந்ததாக அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஆனால் அது காப்பாற்றுவது காவலரை அல்ல. காவலரை இருட்டுக்குள் அனுப்பிவைத்த மேலிடத்தை. அடுத்து உயிரைக் கொடுக்கப்போகும் ஏட்டுக்கும் எஸ்.எஸ்.ஐ.க்கும் இந்தக் கட்டுரையைவிடப் பெரிய தீங்கை யாரும் எழுத்தில் செய்துவிட முடியாது.

ஓசூரிலிருந்தே தொடங்குவோம். 2016 ஜூன் மாதம், சங்கிலிப் பறிப்புக் கும்பலைப் பிடிக்கப் போன ஓசூர்க் காவலர்கள்மேல் கத்தி பாய்ந்தது. தலைமைக் காவலர் முனுசாமி உயிரிழந்தார். உடன் போனவரும் காயமடைந்தார். அன்றைய முதல்வர் ஜெயலலிதா முனுசாமியின் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தார். அந்த வழக்கில் பிடிபட்ட ஒருவர், போலீஸ் பிடியில் இருந்த நிலையிலேயே இறந்துபோனார். கட்டுரையாளர் இந்த இரண்டாவது மரணத்தை, கணக்குத் தீர்ந்த நிம்மதியோடு கடந்துபோகிறார். எனக்கு அந்த நிம்மதி இல்லை. முனுசாமியின் மரணத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகள் ஏராளம். தகவல் எப்போது வந்தது? எத்தனை பேர் போனார்கள்? ஆயுதம் வைத்திருக்கும் கும்பல் என்று தெரிந்து போனார்களா, தெரியாமல் போனார்களா? போனவர்களில் எத்தனை பேரிடம் துப்பாக்கி இருந்தது, எத்தனை பேரிடம் வெறும் லத்தி இருந்தது? குத்துப்பட்டவர் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்? வழியில் யார் முதலுதவி செய்தார்?

கொலை வழக்கில் இவற்றுக்கு இடமில்லை. குத்தியது யார், எந்த நோக்கத்தோடு, சாட்சி என்ன, கத்தி எங்கே என்பதே அந்த வழக்கு. அனுப்பியது யார் என்பது குற்றப்பத்திரிகையில் வராது; வரவேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே கொலையாளிக்குத் தூக்கே கிடைத்தாலும், என்கவுன்டரில் அவன் செத்தே போனாலும், காவலர் ஏன் செத்தார் என்பதில் பாதி விசாரிக்கப்படாமலேயே கிடக்கும். அந்தப் பாதிதான் அடுத்த காவலரின் உயிரைத் தீர்மானிப்பது.

இது ஓசூர்க்காரர்களுக்குப் புரியாத விஷயமில்லை. சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் சிக்கி ஒரு தொழிலாளி இறந்தால் என்ன நடக்கும்? போலீஸ் வழக்கு தனியே பதிவாகும். அதோடு தொழிற்சாலை ஆய்வாளர் வருவார். பாதுகாப்புத் தடுப்பு இருந்ததா, சென்சார் வேலை செய்ததா, உற்பத்திக் கணக்குக்காக அதைக் கழற்றி வைத்தார்களா, அந்தப் பையனுக்குப் பயிற்சி கொடுத்தார்களா, அவன் எத்தனையாவது மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான் என்று கேட்பார். உயிரிழப்பு விபத்து என்றால் ஒரு மாதத்துக்குள் விசாரணை நடத்த வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆவது பிரிவே வகுத்து வைத்தது. அந்த விசாரணை எப்போதும் நேர்மையாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. நிர்வாகத்துக்குச் சாதகமாக முடிந்தவை எத்தனையோ. ஆனாலும் விதி இருக்கிறது, கேட்க வேண்டிய அதிகாரி இருக்கிறார், அவர் கேட்கவில்லை என்றால் சங்கம் கேட்கும். தொழிலாளியைக் கவனக்குறைவானவன் என்று இழிவுபடுத்தத்தான் ஆய்வாளர் வருகிறார் என்று இந்த ஊரில் யாராவது சொல்வார்களா?

ரயில்வேயைப் பாருங்கள். பெரிய விபத்து நடந்தால் விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். தன் துறையின் தவறைத் தானே விசாரித்தால் உண்மை வராது என்று தெரிந்துதான் அப்படி வைத்தார்கள். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர் பணியில் இறந்தால், 1998 முதல் அவர் துறைக்கு வெளியே உள்ள தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் போய் ஆராய்கிறது; அறிக்கையை எவரும் படிக்கலாம். அந்த அறிக்கைகள் யாரையும் சிறைக்கு அனுப்புவதற்கு எழுதப்படுபவை அல்ல. அடுத்த வீட்டில் தீப்பிடிக்கும்போது அடுத்த வீரர் பிழைக்க வேண்டும் என்பதற்கு எழுதப்படுபவை.

தமிழ்நாட்டுக் காவலருக்கு இவற்றில் எது இருக்கிறது? அவர் இறந்தால் விசாரிப்பது அவருடைய மாவட்டமே. புகார் கொடுப்பவர் சக காவலர், விசாரணை அதிகாரி அதே எஸ்.பி.யின் கீழ் வேலை பார்ப்பவர், கேள்வி கேட்கப்பட வேண்டியவர்களில் ஒருவர் அந்த விசாரணையையே மேற்பார்வையிடும் உயர் அதிகாரி. சங்கம் வைத்துக் கேட்கவும் வழியில்லை. காவல் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. மனைவி கேட்கலாம். ஆனால் வாரிசு வேலைக்கான கோப்பு அதே அலுவலக மேசையில் கிடக்கும்போது எந்த மனைவி வாயைத் திறப்பார்?

கேள்வி கேட்பது தியாகத்தைக் கொச்சைப்படுத்தும் என்கிறாரே, அந்த வாதத்தை ஆய்வாளர் பெரியபாண்டியன் வழக்கில் பொருத்திப் பார்ப்போம். மதுரவாயல் ஆய்வாளரான அவர், சென்னை கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளை வழக்கில் நாதுராம் கும்பலைத் தேடி ராஜஸ்தான் போனார். 2017 டிசம்பர் 13 அதிகாலையில் பாலி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையர்கள் சுட்டார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. தமிழ்நாடே நம்பியது. உடல் சென்னைக்கு வந்தபோது முதல்வர் மரியாதை செலுத்தினார். தென்மாவட்டத்தில் அவருடைய சொந்த ஊரில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. பிறகு ராஜஸ்தான் போலீஸ் குண்டை ஆராய்ந்தது. அது கொள்ளையர் துப்பாக்கியிலிருந்து வந்ததில்லை. உடன் சென்ற சக ஆய்வாளரின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்தது என்று பாலி மாவட்டக் காவல்துறை அறிவித்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக அங்கே வழக்கும் பதிவானது.

இப்போது கட்டுரையாளரின் சூத்திரத்தை இங்கே போடுங்கள். நாதுராமும் கூட்டாளிகளும் மறுநாளே எங்காவது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காவலரைக் கொன்றவர்கள் ஒழிந்தார்கள் என்று பட்டாசு வெடித்திருப்போம். செய்யாத கொலைக்கு அவர்கள் செத்திருப்பார்கள். பெரியபாண்டியன் எப்படி இறந்தார் என்பது அவர் குடும்பத்துக்கும் நமக்கும் என்றைக்கும் தெரிந்திருக்காது. நாதுராம் கொள்ளைக்காரன்தான், அவனுக்காக நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்துக் குஜராத்தில் அவனை உயிரோடுதான் பிடித்தார்கள். நான் பேசுவது பெரியபாண்டியனுக்காக. அந்த உண்மை வெளிவந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: விசாரித்தவர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள். தமிழ்நாடு போலீசின் கௌரவத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அதே சம்பவம் ஓசூருக்கு இந்தப் பக்கம் நடந்திருந்தால் அந்தக் குண்டை யார் எடுத்து, எந்த ஆய்வகத்துக்கு அனுப்பியிருப்பார்கள்?

உண்மை வந்ததால் பெரியபாண்டியனின் தியாகம் குறைந்துவிட்டதா? ஊர் பேர் தெரியாத நிலத்தில் கொள்ளையரைத் துரத்திப் போன அந்த மனிதரின் துணிச்சல் ஒரு மாற்றும் குறையவில்லை. மாறாக, உண்மை தெரிந்த பிறகுதான் கேட்க வேண்டிய கேள்விகள் எழுந்தன. நம் ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு எத்தனை முறை துப்பாக்கிப் பயிற்சி கிடைக்கிறது? இருட்டில், நெருக்கத்தில், தன் ஆளும் எதிராளியும் கட்டிப்புரளும்போது சுடுவதற்கு யாராவது அவர்களைப் பழக்கியிருக்கிறார்களா? வெளிமாநிலத்துக்குத் தனிப்படை அனுப்பும்போது உள்ளூர்ப் படையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது? கும்பல் சுட்டது என்ற கதையே நின்றிருந்தால் இவற்றைக் கேட்க ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது எல்லை வாதம். ஓசூரை அறியாதவர்களிடம்தான் இது செல்லும். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து பெங்களூரு. உண்மைதான். ரேஷன் அரிசி அந்தப் பக்கம் போகிறது, குட்கா இந்தப் பக்கம் வருகிறது, திருடினவன் இரவோடு இரவாக மாநிலம் மாறுகிறான். ஆனால் அதே ஓசூரில் 2021 ஜனவரி 22 அன்று பாகலூர் சாலை முத்தூட் கிளையில் துப்பாக்கி முனையில் 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்களே, என்ன நடந்தது? தங்கப் பையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியின் தடத்தைப் பிடித்து, தமிழ்நாடு, கர்நாடகம், தெலங்கானா போலீசார் கைகோத்து, மறுநாளே ஹைதராபாத் அருகே கும்பலை மடக்கினார்கள். தங்கம் திரும்ப வந்தது. யாரையும் சுட்டுக் கொல்லவில்லை. துப்பாக்கிகளோடு இருந்த கும்பல் அது. அடகுத் தங்கத்துக்கு இந்த அளவு பொறுமையும் தொழில்நுட்பமும் ஒருங்கிணைப்பும் கிடைக்கும் என்றால், முனுசாமி என்ற மனிதருக்கு மட்டும் ஏன் கிடைக்காது?

காவலர் கொலையிலேயே உதாரணம் வேண்டுமா? 2020 ஜனவரி 8 இரவு, கேரள எல்லையில் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் எஸ்.எஸ்.ஐ. வில்சனைச் சுட்டும் குத்தியும் கொன்றார்கள். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த மனிதர். கொன்ற இருவரும் கேரளம் வழியாகத் தப்பி, கர்நாடகத்தில் உடுப்பி ரயில் நிலையத்தில் ஒரு வாரத்துக்குள் பிடிபட்டார்கள். மூன்று மாநிலம். உயிரோடு பிடிபட்டதால் என்ன கிடைத்தது என்று கட்டுரையாளர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கழிவுநீர்க் கால்வாயில் வீசப்பட்ட துப்பாக்கி கிடைத்தது. கத்தி கிடைத்தது. தேசியப் புலனாய்வு முகமையின் குற்றப்பத்திரிகை சுட்ட இருவரோடு நிற்கவில்லை. மொத்தம் ஆறு பேர்மீது, ஆயுதமும் உதவியும் வந்த வழியைப் பின்தொடர்ந்து போனது. அந்த இருவரையும் பிடித்த இடத்திலேயே முடித்திருந்தால் துப்பாக்கி கால்வாயிலேயே கிடந்திருக்கும். அதைக் கொடுத்தவன் அடுத்த சோதனைச்சாவடிக்கு அடுத்த துப்பாக்கியைக் கொடுத்திருப்பான்.

என்கவுன்டருக்கும்தான் விசாரணை இருக்கிறதே என்று ஒரு பத்தியில் சமாதானம் சொல்கிறார். 2025 ஆகஸ்ட் 5 இரவு, திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் அருகே தந்தை, மகன் தகராறை விலக்கப் போன எஸ்.எஸ்.ஐ. சண்முகவேல் வெட்டிக் கொல்லப்பட்டார். ஓர் எஸ்.எஸ்.ஐ.யும் ஒரு காவலரும் போன இடம் அது. தேடப்பட்ட மூவரில் ஒருவர் ஆகஸ்ட் 7 அன்று, ஆயுதத்தை எடுக்க அழைத்துச் சென்றபோது போலீசாரைத் தாக்கினார் என்று சொல்லப்பட்டு, சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட மரணத்தில் நீதித்துறை நடுவரின் விசாரணை நடக்கும். சட்டம் அதைக் கேட்கிறது. பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைவிடக் கறாராகவே சொன்னது: சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையத்துக் குழுவோ விசாரிக்க வேண்டும், சுட்டவர்கள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக்கூடாது. ஆனால் இத்தனை ஏற்பாடும் சுட்டுக் கொல்லப்பட்டவரின் மரணத்தைப் பற்றியது. குடித்துவிட்டு அரிவாளோடு நிற்கும் வீட்டுக்கு நள்ளிரவில் இரண்டே பேரை அனுப்பிய நடைமுறையைப் பற்றி இவற்றில் எந்த விசாரணை கேட்கும்? சந்தேக நபரின் மரணத்தை விசாரிக்க உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. சண்முகவேலின் மரணத்தை அந்தக் கோணத்தில் விசாரிக்க ஒரு சுற்றறிக்கைகூடக் கிடையாது. காவலருக்காக எழுதுகிறேன் என்பவர் கொதிக்க வேண்டிய இடம் இது. அவரோ இதைத் தொடவே இல்லை.

2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு எஸ்.எஸ்.ஐ. பூமிநாதன் ஆடு திருடர்களை இருசக்கர வாகனத்தில் தனியாகவே துரத்திப் போய் வெட்டிக் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்கள் ஓர் இளைஞரும் இரண்டு சிறார்களும். அப்போது டி.ஜி.பி. சைலேந்திர பாபு, ரோந்து செல்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், தற்காப்புக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம் என்று சொன்னார். நல்லது. ஆனால் நான்கு ஆண்டு கழித்துக் குடிமங்கலத்தில் அந்த அறிவுரை எந்த நிலையில் இருந்தது? ஒரு மரணத்தின் பாடம் அடுத்த மாவட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. எழுதிவைத்த அறிக்கை இல்லாத இடத்தில் பாடம் எப்படிப் போய்ச் சேரும்?

பழிவாங்கினால் பயம் வரும் என்ற நம்பிக்கையை இந்த மண்ணில் சொல்ல யாருக்கும் துணிவு வரக்கூடாது. 1993 ஏப்ரல் 9, பாலாற்றில் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இரு மாநிலச் சிறப்பு அதிரடிப்படையும் மலைக் கிராமங்களில் என்ன செய்தன என்பதை நீதிபதி சதாசிவா குழு பதிவு செய்தது; 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் பரிந்துரைத்தது. தடா சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்களில் பெரும்பாலோரை மைசூரு நீதிமன்றம் 2001இல் விடுவித்தது. வீரப்பனோ பாலாற்றுக்குப் பிறகு பதினொரு ஆண்டுகளுக்கு மேல் சுதந்திரமாகத் திரிந்தான். அன்றைய தருமபுரி மாவட்டத்தில் கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்தது. அந்தக் காலத்தின் காயத்தை அஞ்செட்டி மலைப்பக்கத்து முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். அத்தனை அடியும் உதையும் பாலாற்றில் இறந்த ஒரே ஒரு குடும்பத்துக்காவது பதிலாக இருந்ததா?

மனவலிமை என்ற வார்த்தையை அவர் தாராளமாகச் செலவழிக்கிறார். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் சூளகிரிப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரியை நிறுத்திக் கதவைத் திறக்கச் சொல்லும் காவலருக்கு மனவலிமை எங்கிருந்து வரும்? தான் செத்தால் யாரையாவது சுட்டுவிடுவார்கள் என்ற நினைப்பிலிருந்தா? வாக்கி டாக்கியில் கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் ஆள் வரும், கூட ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார், போனமுறை இப்படி ஒருவர் செத்தபோது என்ன தவறு நடந்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறார்கள் என்ற உறுதியிலிருந்துதான் வரும். அந்த உறுதியைத் தராமல் அக்டோபர் 21 வீரவணக்க நாளில் மலர் வளையம் வைத்துப் பயனில்லை. ஒரு கோடி ரூபாயை நான் குறைத்துப் பேசவில்லை. அது அந்தக் குடும்பங்களின் உரிமை, கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதைக் கேள்விகளுக்கான விலையாக முன்வைப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அவமானம்.

என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணியில் ஒரு காவலர் வன்முறையில் இறந்தால், கொலை வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். அதைச் சாராத இன்னொரு ஆய்வு கட்டாயமாக வேண்டும். அதை நடத்துபவர் அந்த மாவட்டத்தையும் சரகத்தையும் சேராதவராக, முடிந்தால் ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் இருக்க வேண்டும். பணிப் பதிவேடு, வயர்லெஸ் பதிவு, ஆயுத வழங்கல் பதிவேடு மூன்றும் அன்றிரவே முத்திரையிடப்பட வேண்டும். அறிக்கையின் முதல் பிரதி இறந்தவரின் குடும்பத்துக்குப் போக வேண்டும். மறைக்க வேண்டியவற்றை மறைத்துவிட்டு மிச்சம் மக்களுக்கு வெளியிடப்பட வேண்டும்.

ஐயா, நீங்கள் சீருடையில் பல ஆண்டுகள் இருந்தவர். ஸ்டேஷனில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள், பந்தோபஸ்துக்கு எத்தனை பேரை இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சுட்டவர்களைப் பாராட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முனுசாமியையும் சண்முகவேலையும் அந்த இடத்துக்கு அப்படி அனுப்பியது எது என்று எழுத உங்களைப் போன்றவர்களால்தான் முடியும். அடுத்த கட்டுரையில் அதை எழுதுங்கள்.